பழைய மரவேலி: மேலேயே பூசலாமா, மொத்தமாக உரிக்கணுமா?

மார்ச் 2 – கேள்வி

தோட்டத்து மரவேலி, வெள்ளை பெயிண்ட். நீளம் பூராவும் செதில் செதிலாகக் கிளம்பி நிற்கிறது. சில பலகைகள் ஆடுகின்றன. பார்த்தவர்கள் ஒன்று "மரம் தெரியும்வரை மொத்தமாக உரி" என்கிறார்கள், இல்லையென்றால் "பிடுங்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் வேலி வை" என்கிறார்கள். இரண்டுக்கும் என்னிடம் காசு இல்லை. கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பெயிண்டாக வாங்கி, பழசின் மேலேயே தடிமனாக இரண்டு கோட் அடித்தால் ஐந்தாறு வருடம் ஓடாதா?

மார்ச் 2, இரவு

ஓடாது. முதல் மழைக்காலத்தைத் தாண்டினாலே பெரிது. புது பெயிண்ட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அது பிடித்துத் தொங்குவது பழைய செதிலைத்தான். செதில் என்றைக்கு விழுகிறதோ அன்றைக்கு இதுவும் சேர்ந்து விழும். போதாததற்கு, பெயிண்ட் காயும்போது சுருங்கும். தடிமனாக அடித்தால் இன்னும் பலமாக இழுக்கும். அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்த பழைய படலத்தையும் அதுவே கிளப்பிவிடும்.

அதற்காக "மொத்தமாக உரி" கட்சியிலும் சேர வேண்டாம். கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்ட் என்பது ஓசியில் கிடைத்த அடிப்பூச்சு. அதைச் சுரண்டி எடுக்கத் தோள்பட்டையை ஏன் கழற்றிக்கொள்ள வேண்டும்? எது தளர்ந்தது, எது பிடித்திருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. பிளேடால் பெருக்கல் குறி மாதிரி மரம் வரை கீறுங்கள். மேலே நல்ல டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒரே இழுப்பில் உரியுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் அந்த இடம் சுரண்ட வேண்டிய இடம். கீறலின் ஓரத்தில் துணுக்கு மட்டும் வந்தால் விட்டுவிடலாம். வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், தரையை ஒட்டிய இடம், மேல் முனை என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வேலியில் நாலு விதமான பதில் வரும்.

மார்ச் 3

என் வேலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டோடு வந்தது அது. வெளிப்பக்கத் துண்டை முன்பே முடித்துவிட்டேன், அது மழை வெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உள்பக்கத்தை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறேன். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி பழைய அனுபவம், மீதி இன்றைக்கு நகக்கண்ணில் ஏறியது.

இன்று ஒரு பெரிய செதிலைக் கிளப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் வெள்ளை. ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அடுக்கு தெரிகிறது: வெள்ளை, அதற்குக் கீழே மங்கிய பச்சை, அதற்கும் கீழே ஒரு காவி. பின்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பூனை முடி மாதிரி மெல்லிய நார். கவனிக்க வேண்டியது அந்த நாரைத்தான். பெயிண்டின் பிடி விடவே இல்லை, மரத்தின் மேல்தோல்தான் மரத்தை விட்டுக் கழன்று வந்திருக்கிறது. முதன்முதலில் காவி அடித்தவர், வெயிலில் கிடந்து சாம்பலாகிப்போன மரத்தைத் தேய்க்காமலேயே பூசியிருக்க வேண்டும்.

மர நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின். சூரியனின் புற ஊதாக் கதிர் முதலில் கைவைப்பது அதில்தான். லிக்னின் சிதைந்து மழையில் கழுவிப் போனதும் மிஞ்சுவது தளர்ந்த சாம்பல் நார். அமெரிக்காவின் மாடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் வனப்பொருள் ஆய்வகம் இதை நெடுநாளாக ஆராய்ந்து வருகிறது. வெறும் மரம் ஓரிரு வாரம் வெயிலில் கிடந்தாலே பெயிண்டின் பிடிப்பு குறையத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் கண்டது. சுரண்டி முடித்த பலகையை "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே ஆய்வகம் தரும் இன்னொரு கணக்கு கொஞ்சம் ஆறுதல்: வெயில் மழையில் வெறுமனே விட்டால் மென்மரம் தேய்வது நூறு வருடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். சாம்பல் நிறம் பார்க்கத்தான் பயங்கரம், ஆழம் ஒன்றும் இல்லை. 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் நாரோட்டத்திலேயே தேய்த்தால் உள்ளே நல்ல மரம் வந்துவிடும். அதற்கு மேல் வழவழப்பாக்கப் போகாதீர்கள். வேலிக்கு அது தேவையும் இல்லை, பெயிண்ட் பிடிக்கவும் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

மார்ச் 4

இன்னும் சுரண்டியைக் கையில் எடுக்காதவர்கள் முதலில் இதைப் படியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈய வெள்ளையைத் தடை செய்ய 1921-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் கொண்டு வந்தது, ஆனால் அது கட்டடத்தின் உட்புறப் பூச்சுக்கு மட்டும். வெளிப்புறம் அதில் அடங்கவில்லை. அமெரிக்கா வீட்டு பெயிண்டில் ஈயத்தைத் தடுத்ததே 1978-ல்தான். ஆக வேலி பழையது, அடுக்கு பல என்றால் அடியில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு அடுக்குகளில் சந்தேகம் இன்னும் அதிகம்.

காசு செலவில்லாத எச்சரிக்கைகள் போதும். உலர வைத்துத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டுங்கள். தூசி பறக்காமல் இருப்பதுதான் முக்கியம். மெஷினால் தேய்ப்பது, நெருப்புக் காட்டிக் கிளப்புவது இரண்டும் கூடவே கூடாது. கீழே அகலமாக பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழுந்ததையெல்லாம் அன்றன்றைக்கே சுருட்டிக் கட்டுங்கள். நுண்தூசியைத் தடுக்கிற முகமூடி போடுங்கள், துணிக் கைக்குட்டை போதாது. வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வேலியோரம் கீரைப் பாத்தி இருந்தால் அந்த மண்ணில் ஒரு துணுக்குகூட விழக் கூடாது, ஈயம் மண்ணை விட்டு எங்கேயும் போகாது.

மார்ச் 4, கொஞ்சம் கழித்து

பழைய பலகையை அடுப்பில் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். பெயிண்ட் அடித்ததும் வேண்டாம், லேசாகப் பச்சை ஓடிய மருந்து ஏற்றிய மரமும் வேண்டாம். பழைய மருந்து மரங்களில் தாமிரம், குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்கும். எரித்தால் விஷம் புகையோடும் போகும், சாம்பலிலும் உட்கார்ந்துகொள்ளும்.

மார்ச் 6

"பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து அடித்தால் செதில் எல்லாம் தானே பறந்துவிடுமே?"

பறக்கும். எங்கே போய் விழும் என்பதுதான் கேள்வி, மேலே ஈயம் பற்றி எழுதியதை மறுபடி பாருங்கள். அது தவிர, குவிந்த நீர்ப்பாய்ச்சல் மென்மரத்தில் வரிவரியாகப் பள்ளம் போடும், நாரைப் பஞ்சாக்கும், பெயிண்டுக்கு அடியிலும் மூட்டுகளிலும் தண்ணீரைத் திணிக்கும். ஒரு மதியம் மிச்சம் பிடித்து, காய்வதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு வாளி, சோப்புத் தூள், நைலான் பிரஷ் போதும். பாசியும் கருப்புப் பூஞ்சையும் இருந்தால் பிளீச்சை நிறையத் தண்ணீரில் கலந்து தடவி, பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு அமோனியா உள்ள எதையும், ஆசிட் எதையும் கலக்கக் கூடாது, வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும். இரும்புக் கம்பி பிரஷையும் தவிர்க்கலாம். முறிந்த இழை மரத்தில் குத்தி நின்று, புது வெள்ளைப் பூச்சின் மேல் துருப்புள்ளியாக எட்டிப் பார்க்கும்.

மார்ச் 9

பெயிண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வேலி விழுவது பெயிண்டால் இல்லை, காலால்.

ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் உட்காருங்கள். தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, அப்புறம் மண்ணைக் கையால் விலக்கி நாலு விரல் கீழே, குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை டக்கென்று நிற்கும், நெம்பினால் நீளமான சிராய் வரும். உளுத்ததில் முனை சத்தமில்லாமல் இறங்கும், நெம்பினால் கட்டைகட்டையாக நொறுங்கும். என் உள்பக்க மூலைக் கம்பத்தில் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடி வரை போய்விட்டது. உள்ளே ஈரமான பழுப்புத் தூள். வெளியே பெயிண்ட் மட்டும் குழாய் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

தரைமட்டத்தில் மட்டும் ஏன்? மரத்தை மக்கவைக்கிற பூஞ்சைக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று கிடைக்காது, மேலே ஈரம் தங்காது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது மண்ணோடு ஒட்டிய அந்த ஒரு சாண் அளவில்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்துவிட்டால் பூஞ்சை வளராது. ஆகவே கம்பத்தடியில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது எந்த பெயிண்டையும்விட மலிவான மருந்து. கான்கிரீட் போட்டிருந்தால் அதன் மேல்பாகம் கம்பத்திலிருந்து வெளியே சரிய வேண்டும். பல வேலிகளில் அது கிண்ணம் மாதிரி குழிந்து, கம்பத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டு வைத்திருக்கும்.

அடி மட்டும் உளுத்திருந்தால் முழுக் கம்பத்தையும் மாற்றத் தேவையில்லை. வேலிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்துத் தள்ளுங்கள். பக்கத்தில் துத்தநாகம் பூசிய இரும்பு ஆங்கிளோ, சிறு கான்கிரீட் காலோ நட்டு, மிச்சக் கம்பத்தோடு குறைந்தது இரண்டு இடத்தில் போல்ட் போட்டு முறுக்கினால் நிற்கும். அழகு கொஞ்சம் கம்மி. செடி வைத்து மறைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த குறிப்பைப் படித்துவிட்டு வையுங்கள்.

மார்ச் 10

வேலியே பயிரை மேய்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் தோட்டத்தில் பயிர் வேலியை மேய்கிறது. கொடி ஏறிய இடத்தில் மட்டும் மழை நின்ற பிறகும் பலகை ஈரமாகவே இருக்கிறது. பற்றுக்கம்பி பெயிண்ட் வெடிப்புக்குள் விரல் விட்டுப் பிரிக்கிறது. கொடிக்கு ஒரு கம்பி வலையை வேலியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக் கொடுங்கள்.

அதேபோல் பலகையின் அடி முனை மண்ணைத் தொடக் கூடாது. வருடா வருடம் சருகும் மண்ணும் சேர்ந்து தரை உயர்ந்திருக்கும். 5 சென்டிமீட்டர் இடைவெளி வரும்படி மண்வெட்டியால் இழுத்துவிடுங்கள். காலணா செலவில்லாத வேலை, இதைத்தான் யாரும் செய்வதில்லை.

மார்ச் 14

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது என்ற கேள்விக்கு. "நடுவில் இடைவெளி இருக்கிறதே, சுவரில் பாதிதான் ஆகும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். ஒரு பலகை 90 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகமும் இரண்டு பக்கவாட்டும் சேர்த்தால் ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர். 5 செ.மீ. இடைவெளி விட்டு 100 பலகை என்றால் வேலி நீளம் 14 மீட்டர், பரப்பு 20 சதுர மீட்டர். குறுக்குச் சட்டம் இரண்டு வரிசைக்கு இன்னும் 7 சேரும். மொத்தம் 27. இதே நீளத்துக்கு இடைவெளியே இல்லாத சுவர் இருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 25 சதுர மீட்டர்தான்! இடைவெளியில் மிச்சம் பிடிப்பதைப் பக்கவாட்டுகளும் சட்டங்களும் தின்றுவிடும்.

டப்பாவில் லிட்டருக்கு 10, 12 சதுர மீட்டர் என்று போட்டிருப்பது வழவழப்பான சுவருக்கு. சொரசொரப்பான பழைய மரத்தில் முதல் கோட்டுக்கு 6 அல்லது 7 கிடைத்தால் சரி. ஆக மேலே சொன்ன வேலிக்கு முதல் கோட் நாலு லிட்டருக்கு மேல், இரண்டாவது அதைவிடக் குறைவு.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. மரம் வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் பிரைமர் போதும், கெட்டியான பழைய பெயிண்ட் மேல் வீண். அடுத்தது நிறம். கலர் கலந்து, வாங்கியவருக்குப் பிடிக்காமல் கடையில் கிடக்கிற டப்பாக்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஒரே வகை பெயிண்ட், அதாவது எல்லாமே வெளிப்புற அக்ரிலிக் (தண்ணீர் பெயிண்ட்) என்று உறுதி செய்துகொண்டு, எல்லாவற்றையும் பெரிய வாளியில் கொட்டிக் கலக்குங்கள். வேலிக்கு எந்தச் சாம்பல் பச்சையும் நன்றாகத்தான் இருக்கும். முழுதுக்கும் போதுமான அளவு முதலிலேயே கலந்துவிட வேண்டும், அதே நிறத்தை மறுபடி பிரம்மாவாலும் கலக்க முடியாது.

அடர் நிறத்தை மட்டும் யோசித்து வாங்குங்கள். வெயிலில் மரம் அதிகம் சூடேறும், விரிந்து சுருங்குவது கூடும், கணுவிலிருந்து பிசின் கசியும்.

மார்ச் 16

பெயிண்டே இல்லாமல் மலிவாக வழி உண்டா என்றதும் எனக்கு ஸ்வீடன் ஞாபகம் வந்தது. அங்கே கிராமத்து மரவீடுகள் எல்லாம் ஒரே செங்காவி நிறம். ஃபாலுன் என்ற ஊரின் செம்புச் சுரங்கத்துக் கழிவு மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடுதான் நிறமி. அதைக் கோதுமைக்கு உறவான ரை தானிய மாவு, தண்ணீர், இரும்பு சல்பேட் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவது போலக் காய்ச்சி, ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பூசுகிறார்கள். சுரங்கம் 1992-ல் மூடியாயிற்று, 2001-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமும் ஆகிவிட்டது. பெயிண்ட் மட்டும் இன்னும் ஓடுகிறது.

அதன் அழகு என்னவென்றால், அது படலமே கட்டாது. படலம் இல்லையென்றால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. காலப்போக்கில் பொடியாக உதிரும். பிரஷால் தட்டித் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

மார்ச் 17

உடனே மாவு காய்ச்சக் கிளம்பிவிட்டவர்களுக்கு: அது ரம்பத்தில் அறுத்த சொரசொரப்பான வெறும் மரத்துக்கு. பெயிண்ட் அடித்த மரத்தில் ஒட்டாது. சுண்ணாம்பும் கிட்டத்தட்ட அதே கதை, ஒட்டினாலும் சாய்ந்து நிற்பவர் முதுகெல்லாம் வெள்ளை. மரத்துக்குள் ஊறும் ஸ்டெயின் வகைகளும் பழைய பெயிண்டைத் தாண்டி உள்ளே போக முடியாது. முன்னால் பெயிண்ட் அடித்தவர் நம் கையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். புதிதாகப் போடும் பலகையில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

மார்ச் 21

மார்ச் 2-ல் எழுதியதற்கு ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். ஒருவர் தன் வேலியின் நிலையை விவரித்திருக்கிறார்: வெடிப்புகள் நாரோட்டத்தில் இல்லாமல் குறுக்கே ஓடுகின்றன, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக. டேப் சோதனையில் தேறினாலும் அதை நம்ப வேண்டாம். வருடா வருடம் அடித்து அடித்துப் படலம் அளவுக்கு மீறித் தடித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். மரம் ஈரத்தில் விரிகிறது, வெயிலில் சுருங்குகிறது, தடித்து விறைத்துப்போன பெயிண்டால் கூடவே போக முடியவில்லை. இந்த நிலைக்கு மேல்பூச்சு எதுவும் உதவாது. முழுதும் உரிக்கத்தான் வேண்டும், அல்லது அந்தப் பலகையை மாற்ற வேண்டும். நேரான சாதாரணப் பலகை என்றால் மாற்றுவதுதான் லாபம் என்பேன். சரக்குப் பொதிகளை அடுக்கி அனுப்பும் மரத் தட்டுகளைப் (பேலட்) பிரித்தெடுத்த மரம் மலிவு. அதில் எச்டி (HT) என்ற முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது என்று அர்த்தம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயு அடித்தது, அதைத் தொட வேண்டாம்.

மார்ச் 22

பழசு ஆயில் பெயிண்டா, தண்ணீர் பெயிண்டா என்று தெரியாவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் (ஆல்கஹால் வகை) நனைத்து அழுத்தித் தேயுங்கள். இளகிப் பஞ்சில் நிறம் ஏறினால் அக்ரிலிக் வகை. ஒன்றும் வராவிட்டால் ஆயில். ஆயில் என்றால் பளபளப்பு போகத் தேய்த்து, பிரைமர் போட்டு, அதன் மேல் அக்ரிலிக். ஆயில் பெயிண்ட் வயதாக ஆக விறைக்கும். அக்ரிலிக் நெகிழ்ந்து கொடுக்கும், உள்ளே புகுந்த ஈரத்தையும் ஆவியாக வெளியே விடும். வேலிக்கு இந்தக் குணம்தான் தேவை.

மார்ச் 27

பலகையின் வெட்டு முனை பற்றித் தனியாக எழுத வேண்டும். என் வெளிப்பக்க வேலியில் எனக்குப் பெரிய வித்தியாசம் காட்டியது இதுதான்.

மரம் என்பது நெடுக ஓடும் நுண்குழாய்களின் கட்டு. பக்கவாட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். அறுத்த முனையில் குழாய் வாயெல்லாம் திறந்து கிடக்கிறது, அங்கே பல மடங்கு வேகமாக உறிஞ்சும். பூசுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு இரண்டு கோட் அடித்துவிட்டு, மேல் நுனியை ஒரு தடவு தடவுவார்கள், அடி நுனியைப் பார்க்கவே மாட்டார்கள். உங்கள் வேலியில் முதலில் உரிந்த இடம் எது என்று பாருங்கள். மேலிருந்து ஒரு சாண், கீழிருந்து ஒரு சாண் என்று இருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

கழற்ற முடிகிற பலகையைக் கழற்றி, முனையைப் பிரைமர் டப்பாவுக்குள்ளேயே முக்கி எடுங்கள். உறிஞ்சி வறண்டு போனால் மறுபடி முக்குங்கள். கழற்ற முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டு, வளைந்த பிரஷால் அடி முனைக்குக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். பிரைமருக்கு முன்னால், மேலே பெயிண்ட் பூசலாம் என்று டப்பாவிலேயே குறிப்பிட்ட நீர்விலக்கி மருந்து ஒன்று கொடுத்தால் இன்னும் நல்லது. மெழுகு அதிகம் உள்ள சாதாரண வாட்டர்ப்ரூஃப் திரவம் வேண்டாம், பெயிண்ட் அதன் மேல் நிற்காது.

கம்பத்தின் தலைக்கு பெயிண்டை நம்பவே வேண்டாம். சரிவாக அறுங்கள், அல்லது தகரத் துண்டை மடித்துத் தொப்பி போடுங்கள்.

மார்ச் 29

ஆணி. விரிந்து சுருங்கும் மரம் வழவழப்பான ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும், திரும்ப அடித்தால் அதே ஓட்டையில் இன்னும் தொளதொள. பக்கத்தில் துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ போடுங்கள். முனைக்குப் பக்கத்தில் முதலில் ட்ரில் போட்டுக்கொள்ளாவிட்டால் பலகை பிளக்கும்.

ஏப்ரல் 5

இன்று பூசினேன். வெயிலுக்குப் பின்னாலேயே போக வேண்டும், முன்னால் போகக் கூடாது: வெயில் விலகி நிழல் விழுந்த பக்கத்தைத் துரத்திக்கொண்டு வேலை. கொதிக்கிற பலகையில் அடித்தால் மேல்பாகம் சட்டென்று காய்ந்து, உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். சாயங்காலம் பனி இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே பிரஷைக் கழுவிவிடுங்கள்.

ஸ்பிரே கன் கேட்டவருக்கு: இடைவெளி வைத்த வேலியில் பாதி பெயிண்ட் காற்றுக்கும் அடுத்தவர் காருக்கும்தான் போகும். பழைய மரத்தின் வெடிப்புக்குள் பெயிண்டை ஏற்ற பிரஷ்தான் சரி. முதலில் பலகைகளின் பக்கவாட்டு, அப்புறம் சட்டத்தோடு சேரும் மூலைகள், கடைசியில் முகம். மெல்லிசாக இரண்டு கோட்.

சுரண்டிய இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் நடுவே கரை தெரியும். உப்புத்தாளால் சரித்துவிட்டாலும் கிட்டே போனால் தெரியும். பட்டி போட்டுச் சமப்படுத்தலாமா என்று ஒரு கணம் சபலம் வந்தது. உள்சுவர்ப் பட்டி வெளியே நிற்காது, எபாக்சி விலை கட்டாது. நாலடி தள்ளி நின்று பார்த்தேன், தெரியவில்லை. விட்டுவிட்டேன். வேலியைக் கிட்டே போய்ப் பார்க்கிறவர் ஓணான் மட்டும்தான்.

ஏப்ரல் 6

மார்ச் 16 குறிப்பைப் படித்த ஒருவர், பெயிண்டுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் தேய்க்கப் போகிறாராம். தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அப்போது சூடு பிறக்கும். கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் உள்ள தகர டப்பாவில் மூழ்கவிட்டு மூடுங்கள்.

நவம்பர் 23

மழை நின்றது, சுற்றிப் பார்த்தேன். முனைகள் எல்லாம் கெட்டி. கணு உள்ள இரண்டு மூன்று பலகையில் மட்டும் மஞ்சள் பழுப்பு வட்டம் வெள்ளைக்கு மேலே வந்திருக்கிறது. பிசின் கசிவு. கணுவின் மேல் மட்டும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) தடவி, மேலே பெயிண்ட் தொட்டுவிட்டால் நிற்கும். ஷெல்லாக்கை முழுப் பலகைக்கும் அடிக்காதீர்கள், வெளியில் தாங்காது.

கேள்வி கேட்டவர் இப்போது, "இனி வருடா வருடம் ஒரு கோட் கொடுத்துவிட்டால் பாதுகாப்புதானே?" என்கிறார். முதலைத் தோலை மறந்துவிட்டீர்களா! வருடம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வெடித்த இடத்தைத் தேய்த்துப் பிரைமர் தொட்டு, அந்த இடத்துக்கு மட்டும் பூசுங்கள். முழு வேலிக்கும் புதுக் கோட், அடியில் பிரைமர் எட்டிப் பார்க்கத் தொடங்கும்போது போதும்.

டிசம்பர் 1

தொங்குகிற கேட்டுக்கு: கீல் மேல் பழி போடும் முன் மூலைவிட்டச் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மரச் சட்டம் என்றால் கீல் பக்கத்து அடியிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து உச்சிக்குப் போக வேண்டும், எடையை அது கீழிருந்து தாங்கும். முறுக்குக் கம்பி போடுவதானால் நேர் எதிர், கீல் பக்கத்து உச்சியிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடிக்கு. பல கேட்டுகளில் மரத்தைக் கம்பியின் திசையில் அடித்து வைத்திருப்பார்கள். கழற்றித் திருப்பி அடித்தாலே கேட் நிமிர்ந்துவிடும். அதற்கு முன்னால் கீல் இருக்கிற கம்பத்தை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து குத்திப் பார்த்துவிடுங்கள்.